துடிப்பு, கட்டடம் 41

செயலாளர் பாட்டங்கர் போனில் சொன்னது இவ்வளவுதான்:
"மானிட்டர் கண்ணடிக்கிறது. இன்றைக்கே வா."
ஹார்பர் லைனில் நின்றுகொண்டே திலக் நகர் போனேன்.
பையில் சால்டரிங் அயர்ன், மீட்டர், பழைய கேபிள் மூன்று.
ஜூலை மழைக்குப் பையைப் பையால் சுற்றியிருந்தேன்.

வாட்ச்மேன் அறை. ஆள் பெயர் சுகன் பாஸ்வான்.
ஒன்பது கட்டங்களில் மொத்தக் கட்டடமும்:
கேட், பார்க்கிங், தண்ணீர்த் தொட்டி,
லிஃப்ட்டின் உள்வயிறு.
எல்லாம் ஒன்றாகத் துடித்தன.
"எப்போதிலிருந்து?"
"ஹோலியிலிருந்து."
"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"
குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்.
அணைத்துப் போட்டேன்.
தலையில் தட்டவில்லை. முன்பே யாரோ தட்டியிருக்கிறார்கள்,
வலது மூலையில் உள்ளங்கை அழுக்கு.
கேபிளின் இரண்டு திருகையும் முறுக்கினேன்.
கேபிளையே மாற்றினேன். துடித்தது.
எழுபத்தைந்தை அறுபதாக்கினேன். துடித்தது.
வேறு பிளக்கில் செருகினால்
கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு
டீ வந்ததும் துடித்தது.
பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது, ஆணுக்கு வலது.
இது ஆணா பெண்ணா என்று
பின்னால் ஒட்டிய தாளில் தேடினேன்.
வாட்டும் வோல்ட்டும் மட்டும் போட்டிருந்தது.

ஒருமுறை இருண்டு, நாலு நொடி அப்படியே நின்றது.
போன் டார்ச்சைத் திரையோடு சாய்த்துப் பிடித்தேன்.
உள்ளே எல்லாம் இருந்தது.
கேட் இருந்தது. சைக்கிள் இருந்தது.
ஒரு பெண் குடையை உதறிக்கொண்டிருந்தாள்,
இருட்டுக்குள், சாம்பல் நிறத்தில், மிகச் சிறியவளாக.
படம் போகவில்லை.
வெளிச்சம்தான் போய்ப் போய் வருகிறது.

மீதியை லிஃப்ட் சொன்னது.
மேலே மோட்டார் உறுமும்போதெல்லாம்
மின்சாரம் ஒரு மிடறு குறைகிறது.
அந்த ஒரு மிடறுக்கு மூச்சடக்க வேண்டியது
உள்ளே தெம்பில்லாமல் கிடக்கிறது.

திறந்தேன்.
பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வஞ்சம் வைத்திருக்கும்
பெரிய கெப்பாசிட்டர். அதை முதலில் சமாதானப்படுத்தினேன்.
பக்கத்தில் சின்னவை இரண்டு,
எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி தலை உப்பி.
எட்டு எட்டு ரூபாய்ச் சரக்கு,
லாமிங்டன் ரோட்டில் கை நிறைய வாங்கி வைத்திருப்பது.
பதினாறு வோல்ட் இருந்த இடத்தில் இருபத்தைந்து வைத்தேன்,
கோடு பார்த்து, மைனஸோடு மைனஸ்.
ஈயப் புகை அவன் ஊதுபத்தியோடு கலந்தது.

"லிஃப்ட்டில் ஏறி இறங்கு" என்றேன்.
ஏழாவது மாடிவரை போனான்.
ஐந்தாம் கட்டத்தில் அவன் முகம் கேமராவை நிமிர்ந்து பார்த்தது.
கை காட்டினேன்,
அவனுக்குத் தெரியாது என்பதை மறந்து.
திரை இமைக்கவில்லை.

இறங்கி வந்தவன் சந்தோஷப்படவில்லை.
"ராத்திரி கொஞ்சம் அசந்துவிடும்.
மூடின இமைமேல் அது துடிக்கும்.
யாரோ இறங்குகிறார்கள் என்று எழுந்து தொப்பி மாட்டுவேன்.
பாட்டங்கர் சாப் ரெண்டு மணிக்குச் சோதிக்க வந்தார், நாலு தடவை.
நாலு தடவையும் நின்றுகொண்டுதான் இருந்தேன்."

உப்பிய இரண்டும் என் கையில்தான் இருந்தன.
நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.
நானூற்றைம்பதுக்கு ரசீது எழுதினேன்.

ஆகஸ்டில் மூன்றாம் மாடி ரவுட்டருக்காகப் போனபோது
சுகனின் நாற்காலி திரும்பியிருந்தது,
லிஃப்ட் கதவைப் பார்த்து.
அவன் முதுகுக்குப் பின்னால்
ஒன்பது கட்டமும் பளிச்சென்று,
ஒரு துடிப்பும் இல்லாமல்,
யாரும் பார்க்காமல்.